வெட்டுநிலை

பிளாஸ்டிக் சுவர் வழியே பார்த்தால்
கயம்பே எரிமலை மேலுள்ள பனி
ஆடை கட்டிய பால் போலத் தெரியும்.
தரம் பிரிக்கும் கொட்டகையில்
தர்ஹேலியா இம்பாகோ நிற்கிறாள்,
அளவுப்பலகை முன்.
நாற்பது. ஐம்பது. அறுபது. எழுபது.
காம்பு பலகையைத் தொட்டதும் கை சொல்லிவிடும்,
கண் வேண்டாம்.
ஒரு மீட்டர் தாண்டினால் மாஸ்கோ.
நாற்பதென்றால்
ஏதோ ஓர் ஊரின் பெட்ரோல் பங்க் வாசலில்
வாளிக்குள் நிற்க வேண்டியதுதான்.

அவள் மகன் பிறந்தபோது
நர்ஸ் நாடாவைப் பிடித்து
நாற்பத்தொன்பது என்றாள்.
ஒரு சென்டிமீட்டரில் தவறிவிட்டதே.
பிரசவக் களைப்பிலும் அவள் கை
பிள்ளையை இடப்பக்கம் நகர்த்தியது,
நாற்பதின் தொட்டி இருக்கும் பக்கம்.
பிறகுதான் அழுதாள்.
ஏன் என்றவர்களிடம்
வலி என்றாள்.

இங்கே ரோஜாவுக்குப் பாதி ஆயுள்.
அரும்பில் வலைத்தொப்பி மாட்டுவார்கள்,
முகையில் வெட்டுவார்கள்.
அலர்ந்தால் குற்றம்.
பேச்சு அலர்ந்தாலும்தான்:
சங்கம் என்ற சொல்லை
மதியச் சோற்றோடு சோறாக
மெல்லப் பரிமாறிய வில்மர் துகுலினாகோ
மறுவாரம் பேருந்தில் இல்லை.
அவன் இருக்கையில் கொஞ்ச நாள்
எவரும் உட்காரவில்லை. பிறகு உட்கார்ந்தார்கள்.

பிப்ரவரி ஐந்து.
காதலர்களுக்கு இன்னும் ஒன்பது நாள்.
இரண்டு நாளாய் மேகம் எட்டிப் பார்க்கவில்லை.
பதினான்காம் கூடத்தின் பக்கத்திரையைச்
சுருட்ட வேண்டியவன்
ஆள் பற்றவில்லையென்று
வேறெங்கோ பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான்.
உள்ளே முப்பத்தாறு டிகிரி.
காலையில் முஷ்டியாய் இருந்தவை
மூன்று மணிக்கு உள்ளங்கைகளாகிவிட்டன.
ஒன்பதாயிரம் காம்பு.

இன்ஜினியர் பத்ரிசியோ
யாரைப் பார்த்துக் கத்துவதென்று தெரியாமல்
தெர்மாமீட்டரைப் பார்த்துக் கத்தினார்.
இனி விமானம் ஏறாது இந்தப் பூ.
பதிவேட்டில் இதற்கொரு பெயர் உண்டு:
தேசியப் பூ.
அயல்நாடு வேண்டாமென்றது நாட்டுக்கு.
கல்லறைக்கு, கல்யாணத்துக்கு,
மிஞ்சினால் மாட்டுக்கு.

கை கொண்டமட்டும் அள்ளிப்போங்கள் என்றார்கள்.
பதினொரு வருடத்தில்
அவள் வீட்டுக்குள் ரோஜா வந்தது அன்றைக்குத்தான்.
துணி ஊறும் தொட்டியில் நிறுத்தி
நாற்பத்திரண்டு இதழ் வரை எண்ணினாள்,
எண்ணுவது வேலை என்று நினைவு வர
விட்டுவிட்டாள்.
முகம் புதைத்தாள்.
மணமில்லை.
இருந்தது கந்தகம்,
பூவிலிருந்தோ, தன் கையிலிருந்தோ.
பசு முகர்ந்தது,
தலையைத் திருப்பிக்கொண்டு
காய்ந்த சோளத்தட்டைக்கே போய்விட்டது.
இருக்கட்டும், அதற்குத் தெரிந்திருக்கிறது.

மகன் ஒன்றை எடுத்துப் பிய்த்தான்.
உள்ளே என்ன இருக்கு?
இன்னும் கொஞ்சம் பூ.
அதுக்குள்ளே?
அவளுக்குத் தெரியாது.
அவ்வளவு தூரம் எந்தப் பூவும்
அவள் கண்முன் போனதில்லை.
பிய்த்துக்கொண்டே போனான்.
கடைசியில் மஞ்சள் பொடி.
விரலில் ஒட்டியதை
அவள் மூக்கில் தேய்த்துவிட்டு ஓடினான்.
கையைச் சோப்புப் போட்டுக் கழுவுடா என்று
கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள்,
சிரித்தபடி, பயந்தபடி.

மறுநாள் ஐந்து நாற்பது பேருந்து.
பதினான்கில் பூத்த கிளைகளையெல்லாம்
இரவோடிரவாக வெட்டிவிட்டிருந்தார்கள்,
எதுவும் விரியாததுபோல்.
எழுபது. அறுபது. எழுபது.
மூக்கின் உள்ளோரம்
கழுவியும் போகாத ஏதோ ஒன்று குறுகுறுக்க
தும்மினாள்.
கை தவறி ஒரு நாற்பது
மாஸ்கோ தொட்டிக்குள் விழுந்தது.
நெட்டைக் காம்புகளுக்கிடையே
அதன் தலை தெரியவில்லை.
எடுக்கலாம்.

ஐம்பது, என்றது கை.
எண்பது.